போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமா? மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை வாசிப்பதுவரை முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றிப் போர்வெல் தண்ணீரைச் சோதித்துவிட்டதாகச் சொல்பவர்களில் பலர் உண்மையில் செய்திருப்பது இரண்டே காரியம்: வாயில் ஊற்றிப் பார்த்திருப்பார்கள், அல்லது கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் முக்கிப் பார்த்திருப்பார்கள். உப்புக் கரித்தால் குளிக்க, துவைக்க. கரிக்காவிட்டால் குடிக்க, சமைக்க என்று அதோடு முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதுதான் எனக்குக் கவலை தருகிறது. புளோரைடுக்கு ருசி கிடையாது. நைட்ரேட்டும், குடலைக் கெடுக்கும் கிருமிகளும் நாக்குக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, கால்சியம் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் புளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த மென்மையான தண்ணீரில்தான் தாராளமாகக் கரைந்து நிற்கும். பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று நாம் தேடிப் பிடிக்கும் தண்ணீரிலேயே அது ஒளிந்திருக்கலாம். நம் பக்கத்துக் கருங்கல் பாறை நிலத்தில் இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வகம் நல்ல ஆய்வகமாக இருந்தாலும் கொண்டுபோகும் பாட்டில் சரியில்லை என்றால் அறிக்கையால் பயனில்லை. அதனால் இங்கே மாதிரி எடுப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

1. எதற்காகச் சோதிக்கிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

புதிதாகப் போட்ட போர்வெல் என்றால் ரசாயனச் சோதனை, கிருமிச் சோதனை இரண்டும் முழுமையாக வேண்டும். வீட்டில் வயிற்றுப்போக்கு வந்து சந்தேகம் என்றால் கிருமிச் சோதனைதான் அவசரம். தண்ணீரின் ருசியோ நிறமோ திடீரென்று மாறியிருந்தால் இரண்டையும் பாருங்கள். பழைய அறிக்கை இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

எதுவும் நடக்காத ஆண்டில் ரசாயனச் சோதனை ஒருமுறை, கிருமிச் சோதனை இருமுறை போதும். ரசாயனச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் அந்த நாட்களில் பெரும்பாலும் உப்புகள் உச்சத்தில் இருக்கும். கிருமிச் சோதனையில் ஒன்றைக் கோடையிலும், மற்றொன்றை வடகிழக்குப் பருவமழை இறங்கி நிலம் ஊறியபிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் செய்யுங்கள். மேலே கிடந்த அழுக்கை மழைநீர் கீழே கொண்டுபோவது அப்போதுதான்.

புதுப் போர் போட்ட மறுநாளே பாட்டிலோடு கிளம்புவது வழக்கமான தவறு. துளைபோடும்போது உள்ளே போன மண், கிரீஸ், கருவிகளோடு வந்த கிருமி எல்லாம் அந்தத் தண்ணீரில் இருக்கும். சில நாட்கள் நன்றாக இறைத்து, 9-ஆம் பகுதியில் சொல்லியிருப்பதுபோல் குளோரின் போட்டுச் சுத்தம்செய்த பிறகு சோதியுங்கள். மோட்டாரைத் தூக்கி இறக்கி வேலை பார்த்திருந்தாலும் இதேதான்.

2. பாட்டிலை எடுக்குமுன் போர்வெல்லைச் சுற்றி ஒரு நடை

ஆய்வகம் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும்.

போரின் மேற்பகுதியில் இறக்கிய கேசிங் பைப் தரைமட்டத்துக்கு மேலே ஓர் அடியாவது நிற்கிறதா? அதைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் விரிசலில்லாமல் இருக்கிறதா? வாயில் மூடி இருக்கிறதா, சாக்கைச் சுருட்டி அடைத்திருக்கிறார்களா? செப்டிக் டேங்க்கும் அதன் உறைக்குழியும் எத்தனை அடி தள்ளி இருக்கின்றன? 18 மீட்டர், அதாவது 60 அடியாவது இருக்க வேண்டும். இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனைகளில் இது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கிருமிச் சோதனையையும் நைட்ரேட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டின் டேங்க்கையும் கணக்கில் சேருங்கள். பாறையின் வெடிப்புக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியாது.

மாட்டுத் தொழுவம், குப்பைமேடு, உரம் போடும் வயல், தேங்கி நிற்கும் வாய்க்கால் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி மழைநீரை வடிகட்டாமல் நேரே போர்வெல்லுக்குள் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு நல்லதுதான். ஆனால் மாடியில் கிடக்கும் பறவை எச்சம், குடிநீர் எடுக்கும் அதே குழாய்க்குள் இறங்கக்கூடாது.

பக்கத்து வீட்டு அறிக்கை நமக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்கள் நிறைய. பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. நாற்பது அடி தள்ளிப் போட்ட இரண்டு போர்கள் இரண்டு வேறு வெடிப்புகளில் இறங்கியிருக்கலாம்.

3. ஆய்வகத்தோடு முதலில் பேசுங்கள்

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் மதுரையில் இருக்கிறது; பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். தனியாரிடம் போவதாக இருந்தால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அங்கீகாரம் உங்களுக்கு வேண்டிய சோதனைகளுக்கும் பொருந்துமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய மற்றவை: கிருமிச் சோதனை செய்கிறார்களா, அதற்கான கிருமிநீக்கிய பாட்டிலை அவர்களே தருவார்களா, மாதிரியை எந்தக் கிழமைகளில் எத்தனை மணிவரை வாங்குவார்கள்.

கிழமை முக்கியம். கிருமிச் சோதனையை மாதிரி எடுத்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் இரண்டு நாள், சில முறைகளில் நான்கு நாள்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுத்தால், ஞாயிறு முழுக்கப் பாட்டில் சும்மா கிடக்க வாய்ப்புண்டு. திங்கள் முதல் புதன்வரை காலையில் கொடுப்பதே நல்லது.

குறைந்தபட்சம் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: கலங்கல், பிஎச், மின்கடத்துத்திறன், டிடிஎஸ், மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், புளோரைடு, இரும்பு, கிருமிகளில் மொத்தக் கோலிஃபார்ம் (அசுத்தம் கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமிக் கூட்டம்), ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி). பணத்தைச் சுருக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது புளோரைடையும் நைட்ரேட்டையும்தான். அவை இரண்டும் இல்லாமல் குடிநீர்ச் சோதனை முழுமையாகாது. பட்டறை, சாயத் தொழில், பெட்ரோல் பங்க் அருகில் இருந்தால் அதை ஆய்வகத்தில் சொல்லி, கூடுதலாக எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

4. பாட்டில்

ரசாயனச் சோதனைக்கு 1 லிட்டர் பாட்டில் இரண்டு. புதிய பிளாஸ்டிக் கேன் சிறந்தது. கிடைக்காவிட்டால், அப்போதுதான் உடைத்துக் காலி செய்த குடிநீர் பாட்டில். குளிர்பானப் பாட்டில் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் மூடியின் உள்வளையத்தில் இனிப்பும் அமிலமும் ஒட்டியிருக்கும். பினாயில் பாட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். புளோரைடு பார்ப்பதால் கண்ணாடிப் பாட்டிலையும் தவிர்த்துவிடுங்கள்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டில் மட்டுமே. அதன் அடியில் ஒரு துளி மருந்தோ கொஞ்சம் தூளோ கிடக்கலாம். அது சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிப்பதற்காகப் போட்டது. முறிக்காவிட்டால், வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, கெட்ட தண்ணீரையும் நல்ல தண்ணீராகக் காட்டிவிடும். பாட்டில் அழுக்காக இருக்கிறது என்று அதைக் கழுவிக் கொட்டிவிடும் நல்ல மனசுக்காரர்களை அடிக்கடி பார்க்கிறேன். கழுவாதீர்கள், எடுக்கும் நொடிவரை திறக்கவே செய்யாதீர்கள்.

5. ஓடவிடுங்கள்

பைப்பில் தேங்கி நின்றது பைப்பின் தண்ணீர். நமக்குப் பாறையின் தண்ணீர் வேண்டும். தினமும் ஓடும் மோட்டார் என்றால் 15 நிமிடம் போதும். மாதக்கணக்கில் ஓடாத போர் என்றால் உள்ளே நிற்கும் தண்ணீரைப்போல் மூன்று மடங்கு வெளியேற வேண்டும்.

உங்கள் டிடிஎஸ் மீட்டருக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரில் பிடித்துப் பாருங்கள். 860, 910, 935, 938, 936 என்று எண் ஓரிடத்தில் வந்து நின்றால் புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள். மீட்டர் நம்பகமானதா என்பதற்கு, மின்கடத்துத்திறன் 1413 மைக்ரோசீமென்ஸ் என்று குறித்த, மீட்டரைச் சரிபார்ப்பதற்கான திரவத்தில் முன்கூட்டியே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குழாயில் பிடிப்பது? மோட்டாரிலிருந்து வரும் முதல் குழாயில். சம்ப்புக்கும் மாடித் தொட்டிக்கும் முன்னால். கிருமிச் சோதனைக்கு மட்டும் சமையலறைக் குழாயிலும் இரண்டாவது மாதிரி எடுங்கள். போரில் கிருமி இல்லை, சமையலறையில் இருக்கிறது என்று வந்தால் குற்றவாளி தொட்டி. இந்த இரண்டாவது பாட்டிலை எடுக்காமல், கழுவாத மாடித் தொட்டியின் பழியைப் போர்வெல் மேல் போட்டு, புதுப் போர் போடத் தயாரானவர்கள் உண்டு.

6. மாதிரி எடுக்கும் வரிசை

குழாய் முனையில் மாட்டிய ரப்பர் டியூப், துணி, வலை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைக் குழாய் என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி முனையைச் சுற்றிலும் சுட்டெடுங்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் குழாய், அது உருகிவிடும். அதற்குப் பிளீச்சிங் பவுடர் கரைசலிலோ ஸ்பிரிட்டிலோ நனைத்த சுத்தமான பஞ்சால் முனையின் உள்ளும் புறமும் துடைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். ஸ்பிரிட் போட்டால் தீ பக்கத்தில் இருக்கக்கூடாது. பிறகு குழாயைத் திறந்து மேலும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள்.

முதலில் கிருமிப் பாட்டில். முனையை வேறு எதுவும் தொடுவதற்கு முன் அதை நிரப்பிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை. தண்ணீரைச் சிதறாமல் மெல்லிய தாரையாக வையுங்கள். மூடியைத் திறந்து, உள்பக்கம் கீழே பார்த்தபடி கையிலேயே பிடித்திருங்கள். தரையில் வைக்காதீர்கள், பாக்கெட்டில் போடாதீர்கள். பாட்டில் வாயை விரல் தொடக்கூடாது. குழாய் முனையும் தொடக்கூடாது. அந்த நேரத்தில் பேசவும் வேண்டாம், எச்சில் தெறித்தால் போதும். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடுங்கள். ஆய்வகத்தில் குலுக்கிக் கலக்க அந்த இடம் வேண்டும்.

அடுத்து ரசாயனப் பாட்டில்கள். இவற்றுக்கு நேர்மாறான முறை: அதே தண்ணீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, காற்றுக் குமிழி நிற்காமல் வாய்வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். காற்றுப் பட்டால் பிஎச் மாறும், இரும்பு துருவாகிப் படிந்துவிடும். எடுக்கும்போது தெளிவாக இருந்து ஒரு மணி நேரத்தில் மஞ்சளித்தால், அதைக் குறித்துவைத்து ஆய்வகத்தில் சொல்லுங்கள். இரும்புக்கு அமிலம் சேர்த்த தனிப் பாட்டில் தருவார்கள்.

லேபிளை நிரப்புமுன்பே ஒட்டிவிடுங்கள். நனைந்த பாட்டிலில் ஒட்டாது. மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். இடம், போரின் ஆழம், எந்தக் குழாய், தேதி, நேரம், அண்மையில் மழை பெய்ததா, குளோரின் போட்டதுண்டா இவையெல்லாம் வேண்டும்.

7. கொண்டுசேர்த்தல்

கிருமிப் பாட்டிலை ஐஸ் கட்டிகளோடு தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். ஐஸை பாலிதீன் பையில் கட்டுங்கள். உருகிய தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகக்கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்குப் பஸ் ஏறி வருபவர்களுக்கும் காலையில் எடுத்தால் இது சாத்தியம்தான். முதல்நாள் இரவே எடுத்து வாசலில் தயாராக வைப்பது வேண்டாம். நம் ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த பாட்டிலில் கிருமி பெருகவும் செய்யும், சாகவும் செய்யும். எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

8. அறிக்கையை வாசிப்பது

இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 (2012) இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று ஏற்கத்தக்க அளவு. மற்றொன்று, வேறு நீராதாரமே இல்லாதபோது மட்டும் அனுமதிக்கும் அளவு. பலர் இரண்டாவதை மட்டும் பார்த்து ‘லிமிட்டுக்குள் இருக்கிறது’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வீட்டுக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வரும்போது அந்த இரண்டாவது எண் உங்களுக்கானது அல்ல.

லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: டிடிஎஸ் 500, 2000. கடினத்தன்மை 200, 600. குளோரைடு 250, 1000. சல்பேட் 200, 400. புளோரைடு 1.0, 1.5. நைட்ரேட் 45, அதற்குமேல் சலுகையே இல்லை. பிஎச் 6.5 முதல் 8.5வரை. ஈ.கோலை, கோலிஃபார்ம் இரண்டும் 100 மில்லியில் தென்படவே கூடாது.

நைட்ரேட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாக எழுதும். சில அதிலுள்ள நைட்ரஜனாக எழுதும். நைட்ரஜனாக எழுதினால் எல்லை 45 இல்லை, 10. ‘நைட்ரேட் நைட்ரஜன் 14’ என்று இருப்பதை 45-க்குள் அடங்கியதாக வாசித்தால், கைக்குழந்தை உள்ள வீட்டில் அது விபரீதம். 4.43 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 62 வரும்.

அறிக்கை சரிதானா என்று நீங்களே சோதிக்க ஒரு கணக்கு உண்டு. கால்சியத்தை 2.5 ஆலும் மக்னீசியத்தை 4.1 ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை வர வேண்டும். கால்சியம் 64, மக்னீசியம் 39 என்றால் 160-உம் 160-உம் சேர்ந்து 320. அறிக்கையில் 480 என்று இருந்தால் போய்க் கேளுங்கள். அதேபோல் டிடிஎஸ், மின்கடத்துத்திறனில் ஏறக்குறைய 0.55 முதல் 0.75 மடங்குக்குள் இருக்க வேண்டும். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல ஆய்வகம் மறுபடி பார்த்துச் சொல்லும்.

கிராமங்களில் களப் பரிசோதனைப் பெட்டியும் கிடைக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். மருந்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கிருமிக்கான சிறு குப்பியில் தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் அசுத்தம் என்று கொள்ளலாம். தண்ணீரிலேயே அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் கிருமி இல்லாமலும் கறுக்கும். பெட்டி சந்தேகத்தைக் கிளப்பப் பயன்படும், தீர்ப்பு ஆய்வகத்துடையது.

9. சரியில்லை என்று வந்தால்

புளோரைடு 1.5-ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்திவிடுங்கள். குளிக்க, துவைக்கத் தடையில்லை. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருந்து, வீட்டில் பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காவது வேறு தண்ணீர் கொடுங்கள். பல்லில் விழுந்த கறையோடு பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க வாயை மூடிச் சிரிக்க வேண்டியிருக்கும். நைட்ரேட் கூடியிருந்தால் கைக்குழந்தையின் பால் கரைக்க அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது.

இந்த இரண்டுக்கும் காய்ச்சுவது மருந்தில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். காய்ச்சக் காய்ச்ச அடர்த்திதான் கூடும். ஆர்ஓ இரண்டையும் குறைக்கும். பொருத்திய பிறகு, அதிலிருந்து வரும் தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள்.

கிருமி என்று வந்தால் அன்றிலிருந்தே தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள். 2-ஆம் பகுதியில் பார்த்த விரிசல், திறந்த வாய், மழைநீர்க் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் குளோரின். ஓட்டையை அடைக்காமல் போடுவது வீண்.

ஆறரை இன்ச் போரில் 10 அடிக்குச் சுமார் 65 லிட்டர் நிற்கும். 200 அடித் தண்ணீர் என்றால் 1300 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 260 கிராம். நாலரை இன்ச் போருக்கு இதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. உடைத்து நாளான பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், புதிது வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். மோட்டாரை ஓட்டி, டியூப் வழியாக அந்தத் தண்ணீரைத் திரும்பப் போருக்குள்ளேயே விட்டு, குளோரின் வாடை வரும்வரை சுற்றவிடுங்கள். திறந்தவெளியில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். ஆசிட் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. 12 மணி நேரம் தொடாமல் விட்டு, வாடை போகும்வரை இறைத்து, செடிகொடி இல்லாத பக்கம் வெளியேற்றுங்கள். வீட்டுத் தொட்டியையும் அதே நாளில் கழுவுங்கள்.

ஒரு வாரம் கழித்து, குளோரின் அறவே இல்லாதபோது மறுபடி கிருமிச் சோதனைக்குக் கொடுங்கள். குளோரின் மிச்சம் இருக்கும்போது எடுத்தால் முடிவு நன்றாகத்தான் வரும், அதை நம்ப முடியாது. இரண்டாவது முறையும் ஈ.கோலை வந்தால் கழிவுநீர் தொடர்ந்து கசிகிறது என்று கொள்ளுங்கள்; அந்தப் போரின் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, செப்டிக் டேங்க்கைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரே உறையில் போட்டு, போரின் ஆழம், கேசிங் நீளம் எழுதிய தாளையும் அதில் வையுங்கள். நைட்ரேட் 18, 27, 38 என்று ஆண்டுக்காண்டு ஏறுவது தனித்தனி அறிக்கையில் தெரியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 45-ஐத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.